மனைவியின் ஆவசியப்பிரகாரம்

என் நாட்குறிப்பில் ஒரே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை, மீனம் இரண்டு, ரமலான் நான்கு. பக்கத்தின் அடியில், பெரிய எழுத்தில்: ‘அத்தா பேரீச்சம்பழம் அனுப்பினார்.’ என் திருமணம் முடிந்த விதத்தை அந்த மூன்று சொற்கள்தான் தீர்மானித்தன.

சாலை என்னும் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஓணம் கழிந்தால் எங்களுக்குக் காலண்டர் வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று தேதிகள் இருக்கும். நடுவில் ஆங்கிலத் தேதி, ஒரு மூலையில் மலையாளிகளின் கொல்லம் ஆண்டின் தேதி, இன்னொரு மூலையில் பிறைத் தேதி. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. பதினான்கு வருடம் இதைச் செய்தவளுக்கு ஒரு நாளை ஒரே தேதியால் நினைக்க வராது. என் மகள் பிறந்த நாளை மூன்று கணக்கிலும் சொல்வேன். அவளுடைய அத்தா, என் கணவர், கடைசியாக எங்களை நினைத்த நாளையும் அப்படியே சொல்வேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள். வளைகுடாவிலிருந்து போன் வந்தது. நான்கு நிமிடம் பேசினார். அந்த மாதச் செலவுக்கு முந்தின வாரமே அனுப்பியிருந்தார். அதன் பிறகு பணமும் இல்லை, போனும் இல்லை. எண்ணை மாற்றிவிட்டார். ஒரு தடவை ஊருக்கு வந்து, விழிஞ்ஞத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் பதினொரு நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறார். அவர் விமானம் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அழுது எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஒவ்வொரு பிறை மாதத்தின் முதல் நாளிலும் நாட்குறிப்பின் மேல் மூலையில் ‘வ.இ.’ என்று போட்டு, பக்கத்தில் ஓர் எண் எழுதுவேன். வரவு இல்லை என்பதன் சுருக்கம். வ.இ. 1, வ.இ. 2 என்று போய்க்கொண்டிருந்தது. மகள் கேட்டால் அச்சகக் குறி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மகள் கேட்கக்கூடியவள்தான். அவள் மலையாளப் பள்ளியில் படித்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. எட்டு வயதில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது பாடப் புத்தகம் எதையும் வாங்கவில்லை. நாட்குறிப்பின் அடியில் தினம் ஒரு வரி அவளுக்காகவே எழுதினேன். ‘இன்று மழை வந்தது.’ ‘பூனை மீன் தின்றது.’ ‘அம்மா தோசை சுட்டாள்.’ பள்ளி விட்டு வந்ததும் அதை வாசித்தால்தான் சாயா.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“அம்மா, கிளாஸ்ல எல்லாருக்கும் அவங்க வாப்பா கல்ஃபுலேர்ந்து ஈத்தப்பழம் அனுப்பியிருக்கு. பெட்டி மேல ஒட்டகம் ஒக்கெ உண்டு. நம்ம அத்தா அனுப்பலையா?”

“வரும்.”

“எப்போ?”

நான் மறுபடி சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். ஒட்டகப் படம் போட்ட பெட்டியாகத் தேடி வாங்கினேன். கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்து அடியில் அந்த வரியை எழுதினேன். அவள் விரல் வைத்து வாசித்தாள். ‘பேரீச்’ என்ற இடத்தில் இரண்டு முறை தடுக்கினாள். ‘அனுப்பினார்’ என்பதைச் சத்தமாகச் சொன்னாள். பிறகு முதலிலிருந்து மூன்று முறை வாசித்தாள். அன்று நோன்பு திறக்கும்போது முதல் பழத்தை எனக்குத்தான் கொடுத்தாள்.

அதே பக்கத்துக்கு மூன்று பக்கம் முன்னால், ரமலான் ஒன்றில், வ.இ. 21 என்று இருந்தது. அடுத்த மாதமான ஷவ்வால் ஒன்றில் வ.இ. 22 போட்டேன். மேல் மூலையில் உண்மையும் அடிவரியில் பொய்யும் ஒரே புத்தகத்தில் இருக்க முடியும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அந்த வருடம் ஓணம் கழிந்த வாரம், வ.இ. 27 போட்ட பிறகு, கரமனையில் ஒரு வக்கீலிடம் போனேன். பிறைக் கணக்கில் இருபத்தேழு மாதம் என்றால் ஆங்கிலக் கணக்கில் இருபத்தாறு மாதமும் சில நாட்களும். இரண்டு வருடம் எந்தக் கணக்கிலும் தாண்டிவிட்டது என்று உறுதிசெய்துகொண்டே போனேன். அக்ரஹாரத்து வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். அவர் மகனுடைய கல்யாணப் பத்திரிகையில் கிழமையும் தேதியும் பொருந்தவில்லை என்று அச்சுக்குப் போகும் முன் நான் கண்டுபிடித்ததிலிருந்து பழக்கம். மேடம் என்றால் கோபம் வரும். மாமி என்றே கூப்பிடச் சொல்வார்.

மாமி நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்.

“இப்படி ஒரு கட்சிக்காரியை நான் பார்த்ததில்லேடிம்மா. எல்லாரும் ‘ரொம்ப நாளாச்சு மாமி’ம்பா. எத்தனை நாள்னு கேட்டா அழுவா. சரி கேளு. அவன் தலாக் சொல்லலாம். சொல்ல மாட்டான், சொன்னா கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுக்கணும். அப்புறம், நீயே விடுவிச்சுக்கலாம்னு நிக்காஹ் சமயத்துல அவன் எழுதிக் கொடுத்திருந்தா அதை வெச்சு விட்டுக்கலாம். எழுதி வாங்கினியா?”

“நிக்காஹ் அன்னைக்கு ஆரு மாமி அதெல்லாம் கேப்பா?”

“ஒருத்தரும் கேக்கறதில்லே. புடவைக் கரை அரை இஞ்ச் கொறஞ்சா மட்டும் கடைக்காரன்கிட்டப் போய் நிப்பேள். சரி, பாக்கி ரெண்டு வழி. குலா நோக்குக் கையில இருக்கு. அவன் நிக்காஹ்ல போட்ட மஹரைத் திருப்பித் தரேன், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு நீயே சொல்லிடலாம். சமாதானம் பேசிப் பார்த்ததுக்கு எழுத்துல ஒரு ரேகை வேணும். அவன் சம்மதம் வேண்டாம்னு நம்ம ஹைக்கோர்ட்டே சொல்லியாச்சு. இன்னொண்ணு பஸ்ஹு. அதுக்குக் குடும்பக் கோர்ட்டுக்குப் போகணும். அவன் தப்பு சாட்சியோட தெளியணும். ரெண்டு வருஷம் செலவுக்குக் கொடுக்கலேன்னு தெளிஞ்சா அதுவே போரும், கோர்ட்டே கல்யாணத்தை ரத்து பண்ணும். குலான்னா மூணே மாசத்துல முடிஞ்சுடும்.”

“எனக்கு பஸ்ஹுதான் வேணும், மாமி.”

“ஏன், அவசரமில்லையா?”

“ஆரு ஆரை விட்டதுன்னு எழுதி இருக்கணும்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த எழுத்து ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. விடுதலை எப்படியும் கிடைத்துவிடும் போலிருந்தது. ஆனால் இருபத்தேழு மாதம் நான் விட்டுப் போகவில்லை, விடப்பட்டேன். ஒரு பிழை அச்சில் ஏறிவிட்டால் அதை எவ்வளவு பேர் வாசிப்பார்கள் என்பது என் தொழிலில் தெரியும்.

முதலில் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேச வேண்டும், எந்த வழிக்கும் அது உதவும் என்று மாமி சொன்னார். மூன்று நாட்குறிப்புகளிலிருந்தும் வ.இ. போட்ட பக்கங்களை மட்டும் நகல் எடுத்து மனுவோடு இணைத்தோம். ஞாயிற்றுக்கிழமை, கன்னி இருபது, அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னார்கள். அலுவலக அறையில் ஆண்கள் கூட்டமாக இருந்ததால் பக்கத்து மதரஸா வகுப்பில் வைத்தார்கள். குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் நான் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தேன். எதிரே பள்ளிவாசல் இமாமான உஸ்தாது, பதிவேட்டோடு செயலாளர், என் கணவரின் அண்ணன். நான் அவரைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை, விழிஞ்ஞம் துறைமுக வேலைக்குக் கம்பி கொடுப்பவர். அவர் மட்டும் ஆசிரியருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“போட்டோஸ்டாட்டு ஆரு வேணும்னாலும் எடுக்கலாம், கேட்டியா பிள்ளே? புக்கு எங்கே?” என்றார்.

புத்தகங்கள் பையில் இருந்தன. எடுத்து மேசையில் வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம். எந்தப் பக்கத்திலும் அடித்தல் திருத்தல் கிடையாது என்ற கர்வம் எனக்கு இருந்தது. அந்த ஒரு வரி உள்ளே இருப்பது தெரியும். ஆயிரத்துக்கு அருகே பக்கங்கள், நகலோடு ஒப்பிட்டுவிட்டு மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“இதென்ன, வ.இ.? ‘வரும், இன்ஷா அல்லாஹ்’வா?”

செயலாளர் சிரித்துவிட்டார். உஸ்தாது மட்டும் சிரிக்கவில்லை.

“வரவு இல்லை, மச்சான்.”

“ஓஹோ. வரவு இல்லையா? நோன்பு மாசம் நோக்கட்டே. எப்பேர்ப்பட்ட தரித்திரம் பிடிச்ச மாப்பிள்ளையும் நோன்புக்கு ஏதாவது அனுப்பாம இருப்பானா?”

வியாபாரி என்பதால் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரும்புத் தூள் படிந்த விரலால் மீனம் மாதத்தைப் பிரித்தார். பெரிய எழுத்தில் எழுதியிருந்ததால் தேடவும் வேண்டியிருக்கவில்லை. சத்தமாக வாசித்தார். என் மகள் தடுக்கிய இடத்தில் அவரும் தடுக்கினார்.

“உஸ்தாதே, இது ஆரு கையெழுத்து? கேளுங்க.”

“உங்க எழுத்துதானா தங்கச்சி?” என்றார் உஸ்தாது.

“என் எழுத்துதான். அது... பிள்ளைக்கு வாசிக்க எழுதினது. பழம் நான் வாங்கினது.”

“நீ வாங்கினதா?” பெரிய மச்சான் நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ நான் கொண்டுவந்து தந்த பெட்டி எங்கே போச்சு? தம்பி குடுத்தனுப்பினதை வாசல்ல வெச்சே தந்தேனே. மறந்துட்டியா பிள்ளே?”

அவர் என் வாசலுக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். நான் பொய் எழுதியிருக்கிறேன் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். தம்பி எதுவும் அனுப்பவில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் என் பொய்க்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

“பழம் வந்த மாசம் முடிஞ்சும் இவ வ.இ.ன்னு நம்பர் போட்டிருக்கா. அப்போ மத்த மாசமும் இதுபோலத்தான் அல்லே?” என்றார். “பிள்ளையைக் கூப்பிடுங்க. கொச்சுப் பிள்ளை பொய் சொல்லாது. அத்தா அனுப்பினாரான்னு அது சொல்லட்டும்.”

“பிள்ளை வேண்டாம்,” என்றேன்.

“ஏன் வேண்டாம்?”

மீனம் மாதத்தில் திறந்து கிடந்த புத்தகத்தை மூடினேன். செயலாளர் ‘பிள்ளையை விசாரிக்க மனைவி சம்மதிக்கவில்லை’ என்று எழுதினார். எழுதும் வேகத்திலேயே அது எனக்கு எதிரானது என்று தெரிந்தது.

உஸ்தாது கடைசியில் எழுந்து வந்து தணிவாகச் சொன்னார். “தங்கச்சி, பஸ்ஹுன்னா அவர் குத்தம் தெளியணும். சந்தேகம் விழுந்தாச்சு. குலான்னா யாரும் எதையும் தெளிவிக்க வேண்டாம். நீங்க கேட்டு வாங்கிக்கலாம். அல்லாஹ் அதுக்கும் வழி வெச்சிருக்கான்.” நல்ல மனிதர். சிறுபிள்ளைக்கு மருந்து கொடுக்கும் குரலில் சொன்னார்.

மறுநாள் கரமனையில் மாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு பெட்டிப் பழம் ரெண்டு வருஷச் செலவாகாது. அதைக் கோர்ட்ல நான் சொல்லிடுவேன். ஆனா நோக்கு டைரிதான் சாட்சி. அந்த வரி பொய்னு நீ சொன்னா, மத்த வரியெல்லாம் நெஜம்னு யாரு சொல்றதுன்னு கேப்பா. நெஜம்னு சொன்னா உன் கணக்கே தப்பு. இழுத்து இழுத்து நாலு வருஷம் பண்ணுவா. கொழந்தையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுவா. அவ என்ன சொல்லுவா?”

“அத்தா அனுப்பினாருன்னு சொல்லுவா.”

“அப்போ நீ அவகிட்ட நெஜத்தைச் சொல்லிடு. சொல்லிட்டுக் கூட்டிண்டு வா. ஜெயிச்சுடலாம்.”

ஒன்பது நாள் யோசித்தேன். அந்த ஒன்பது நாளின் அடிவரிகளும் இருக்கின்றன. ‘வாழை குலை தள்ளியது.’ ‘மாடியில் காகம் கத்தியது.’ மகள் எல்லாவற்றையும் தடையில்லாமல் வாசித்தாள். ஒட்டகப் பெட்டியில் பென்சில்களும் அழிரப்பரும் வைத்திருந்தாள். தினமும் பள்ளிக்குக் கொண்டுபோனாள். சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி மேசையில் இருந்தது. அவளுடைய அத்தா அவளுக்குக் கொடுத்த ஒரே பொருளை அவர் கொடுக்கவில்லை என்று சொல்லி வெல்ல வேண்டிய வழக்கு அது. எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை, விருச்சிகம் ஆறு. இரண்டு சாட்சிகள், உஸ்தாது, செயலாளர் முன்னிலையில் குலா சொன்னேன். ‘எனக்குக் கொடுத்த மஹரைத் திருப்பிக் கொடுத்து, இந்தத் திருமணப் பந்தத்திலிருந்து என்னை விடுவித்துக்கொள்கிறேன்.’ மாமி எழுதிக்கொடுத்த வாக்கியம். ‘பந்தத்திலிருந்து’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, பேனாவால் சேர்த்துவிட்டு வாசித்தேன். அதே வாசகம் பதிவுத் தபாலில் அவருடைய வளைகுடா முகவரிக்கும் போனது. முகவரியைப் பெரிய மச்சான் அன்று தடையில்லாமல் சொன்னார். இருபத்தொன்பது மாதமாகத் தெரியாது என்று அவர் சொல்லிவந்த முகவரி.

மஹர் மாலையை மேசையில் வைத்தேன். பெரிய மச்சான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“கொளுத்து மாறியிருக்கல்லோ.”

“கொக்கி அறுந்துபோச்சு மச்சான். மாத்தினேன்.”

“அதையும் எழுதி வெச்சிருப்பே அல்லே?” என்றார். எழுதித்தான் வைத்திருந்தேன். தேதி சொன்னேன். அவர் மாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு இத்தா. மூன்று மாதவிலக்குக் காலம் வீட்டோடு காத்திருக்க வேண்டும். இருபத்தொன்பது மாதம் காத்திருந்தவளுக்கு மேலும் ஒரு காத்திருப்பு. அச்சகத்தில் விடுப்புக் கேட்கவில்லை. காலண்டர் வேலை உச்சத்தில் இருந்தது. வேலைக்குப் போகாமல் இருக்க எங்களுக்கு வசதியில்லை என்று உஸ்தாதிடம் சொன்னேன். “நேரா போயிட்டு நேரா வாங்க” என்றார். இத்தாவின் நாட்களையும் மூன்று கணக்கில் குறித்தேன். கும்ப மாதத்தில், ஷஃபான் முடியும் தறுவாயில், அதுவும் தீர்ந்தது.

அடுத்த நாள் பதிவேட்டின் நகலைக் கொடுத்தார்கள். மலையாளத்தில் டைப் அடித்திருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து, பழக்கத்தினால் கையில் சிவப்புப் பேனாவோடு வாசித்தேன். கணவர் என்ன செய்தார் என்று ஒரு வரியும் இல்லை. பிரிவின் காரணம் என்ற கட்டத்தில் இரண்டு சொற்கள் மட்டும்: ‘பாரியயுடெ ஆவசியப்பிரகாரம்.’

மனைவியின் ஆவசியப்பிரகாரம். அந்தச் சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் ஆவசியப்படுவது என்றால் கோருவது, வேண்டுமென்று கேட்பது. தமிழில் அவசியம் என்றால் அது இல்லாமல் முடியாது என்ற நிலை. ஒரே சொல்தான். மனைவி கேட்டதால் என்று மலையாளம் சொன்னது. மனைவிக்கு வேறு வழியில்லாததால் என்று தமிழில் வாசிக்க இடமிருந்தது. நான் தமிழில் வாசித்தேன். இரண்டு மொழியில் பிழை திருத்துகிறவளுக்கு அந்த ஓர் ஆறுதலாவது கிடைக்கட்டும் என்று, சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அரிசி களையப் போனேன்.

மகள் பள்ளியிலிருந்து வந்து வாசித்தாள். மலையாளம் அவளுக்குத் தடுக்காது.

“அம்மா, இது நீங்களும் அத்தாவும் பிரிஞ்ச பேப்பரா?”

“ஆமா.”

“நீங்களா ஆவசியப்பட்டது?”

அவள் அந்தச் சொல்லை மட்டும் மலையாளத்தில் சொன்னாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த பொருளில் கேட்டாள்.

“ஆமா, அம்மாதான் கேட்டேன்.”

“அத்தா பாவமல்லே? நமக்குப் பழம் ஒக்கெ அனுப்பினாங்களே. பின்ன என்னத்துக்குக் கேட்டீங்க?”

அரிசிப் பானையை அடுப்பில் ஏற்றினேன். மூடியைச் சரிசெய்தேன். அவள் காகிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து என் நாட்குறிப்புக்குள் வைத்துவிட்டுப் போனாள். அன்று அடிவரியை வாசிக்க வரவில்லை. சாயாவும் கேட்கவில்லை.

சில நாட்களில் ரமலான் பிறந்தது. ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக்கான மண் பானைகள் சாலைக் கடைத்தெரு முழுக்க அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே பேரீச்சம்பழக் கடைகள். பிறை நான்கு அன்று வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வந்தேன். ஒட்டகப் பெட்டி இருந்தது. நின்றேன், வாங்கவில்லை. இனி யார் பெயரில் வாங்குவது?

வீட்டில் மகள் என் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷம் பெட்டி வராது அல்லே?” என்றாள். தலை நிமிரவில்லை.

“வராது.”

“இன்னைக்கு நான் எழுதட்டா?”

பேனாவைக் கொடுத்தேன். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, பெரியதாக எழுதினாள். அவள் தமிழில் தானாக எழுதிய முதல் வாக்கியம்: ‘அத்தா பேரீச்சம்பழம் அனுப்பவில்லை.’

எழுதிவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள், திருத்தச் சொல்லி. ரீகாரத்தின் நெடில் சரியாக இருந்தது. ஒற்றும் ழகரமும் சரியாக இருந்தன. நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை.